காரைக்குடி மட்டும் பச்சை

கண்டக்டரே, டிக்கெட் மெஷினைத் தட்டாதீங்க, தட்டினா வராது. ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. மேல இருக்க பட்டனை அமுக்கிப் பிடிங்க, இன்னும் கொஞ்சம், ஆங், விட்ருங்க. இப்ப சார் கார்டை வைங்க. பாத்தீங்களா, டிக்கெட் வந்துருச்சு. சாருக்குக் கிருஷ்ணகிரி, எனக்கு ஓசூர்.

இதுக்கு எதுக்கு சார் தேங்க்ஸ், என் தொழிலே இதுதானே. இல்ல இல்ல, பையை மேல வைக்க வேண்டாம், மடியிலயே இருக்கட்டும். உள்ள ஒரு சர்ட்டிபிகேட் இருக்கு, கண்ணாடி போட்டது. பொன்னாடையும் இருக்கு. எனக்குப் போத்தினதுதான். ஏன் சிரிக்கிறீங்க? பொன்னாடை வாங்கின ஆளு மூணு பேரு சீட்டுல நடுவுல நசுங்கிக்கிட்டுப் போகக்கூடாதா? போறேனே. அதான் சார் என் வயித்தெரிச்சல். கிருஷ்ணகிரி வர இன்னும் நேரம் கிடக்கு. சொல்றேன், கேட்டுட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்க.

என் பேரு பூமிநாதன். ஊரு காரைக்குடி. ஒரு பெரிய ஜவுளிக்கடையில சிஸ்டம் பாக்குறேன். கடைப் பேரு வேண்டாம், நாளைக்கு உங்க வீட்டுல விசேஷம்னா அங்கதான் சேலை எடுக்க வருவீங்க, என்னால வியாபாரம் கெட வேண்டாம். தலைமை ஆபீஸ் கோயமுத்தூர்ல. தமிழ்நாடு பூரா கிளை. கிளைக்கு ஒரு சிஸ்டம் ஆளு. பில் போடுற கம்ப்யூட்டர், கார்டு தேய்க்கிற மெஷின், கேமரா எல்லாம் ஒழுங்கா ஓடணும், அதுக்குத்தான் நாங்க. கடையில ஒரு பெட்டி இருக்கும், ஸ்விட்ச்னு சொல்லுவோம். லைட்டுப் போடுற சுவிட்ச் இல்ல சார். கடையில இருக்க ஒயரு பூரா வந்து சொருகுற மெயின் பெட்டி. அது படுத்தா கடையே படுத்துரும். பில்லும் வராது, கார்டும் ஏறாது, வாங்க வந்தவுக சேலையைக் கையில வச்சுக்கிட்டு நம்மளை முறைச்சுக்கிட்டு நிப்பாக.

எனக்கு முதமுதல்ல போட்ட இடம் எது தெரியுமா? இதே ஓசூர்தான். அப்ப கல்யாணமான புதுசு. என் வீட்டுக்காரி மங்கை, முழுப்பேரு மங்கையர்க்கரசி, காரைக்குடி ஜி.எச்.ல ஸ்டாஃப் நர்ஸ். கவர்மென்ட் வேலை, விட முடியுமா? அவ அங்க, நான் ஓசூர்ல. ஜவுளிக்கடையில ஞாயித்துக்கிழமைதான் சார் கூட்டம், லீவு கேட்டா கொன்னுருவாக. எனக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. அவளுக்கு ஞாயித்துக்கிழமை. நான் வாசல்ல செருப்பைக் கழட்டுறப்ப அவ செருப்பை மாட்டிக்கிட்டு இருப்பா. தட்டுல சோறு போட்டு மூடி வச்சிருக்கேன்னு சொல்லிட்டு டியூட்டிக்கு ஓடிருவா. இப்படியே வருஷக்கணக்கா ஓடுச்சு. மக பிறந்து நடக்கவே ஆரம்பிச்சுட்டா. நான் வீட்டுக்குள்ள வந்தா அது ஓடிப்போயி பீரோவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிரும். அம்மாவோட ஆஸ்பத்திரியிலேருந்து யாரோ ஊசி போட வந்துருக்காகன்னு நினைச்சிருச்சு சார் பிள்ளை. அன்னைக்கு நான் அழுதேன். ஆம்பளை அழுதேன்னு சொல்றதுக்கு எனக்கு வெக்கமில்ல.

அப்புறம் கோயமுத்தூர் போயி, கால்ல விழாத குறையா நின்னு, காரைக்குடிக்கு மாத்தம் வாங்கினேன். வீட்டுலேருந்து கடைக்கு சைக்கிள்ல போயிரலாம். மத்தியானம் சுடுசோறு. மகளை ஸ்கூல்ல கொண்டுபோயி விடுறது நான், கூட்டிக்கிட்டு வர்றது மங்கை. இந்த ஒண்ணு போதும்டா சாமி, வேற எதுவும் வேண்டாம்னு இருந்தேன். இனி இந்த வீட்டை விட்டு உங்களை எங்கயும் விட மாட்டேன்னு மங்கை சொன்னா. அதுவும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

அந்த நேரத்துலதான் இந்த டெலிமெட்ரி வந்து சேந்துச்சு.

அப்படின்னா என்னன்னு கேக்குறீங்க. நல்லாக் கேட்டீங்க. முன்னல்லாம் பெட்டி வாயைத் திறக்காது சார். அதுக்கு என்னாச்சுன்னு நான் போயித்தான் பாக்கணும், பாத்துட்டு நான் சொல்றதுதான் கணக்கு. ஒரு மணி நேரம் படுத்திருந்தாலும் அஞ்சு நிமிஷம்னு சொல்லுவேன், யாருக்குத் தெரியப் போகுது? இப்பப் பெட்டியே பேசுது. எவ்வளவு சூடா இருக்கு, எந்த ஒயர்ல எவ்வளவு போகுது, எது அத்துச்சு, எது வந்துச்சு, அத்தனையையும் நொடிக்கு நொடி வெளிய ஒரு கம்பெனிக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும். அந்தக் கம்பெனி பெங்களூர்ல. அவுக அதை வாங்கி, அலசி ஆராஞ்சு, கலர் கலராப் படம் போட்டு கோயமுத்தூருக்கு அனுப்புவாக. மருமக அடுப்படியில பண்றதை நிமிஷத்துக்கு நிமிஷம் மகளுக்குப் போன் போட்டுச் சொல்ற மாமியார் இருப்பாகள்ல? அந்த மாமியாரைச் சம்பளம் குடுத்து வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்ச மாதிரி.

கோயமுத்தூர்ல எங்க எல்லாரையும் கூப்பிட்டு மீட்டிங் போட்டாக. ஸ்ரீவத்சன்னு ஒரு பெரிய ஆபீசர், சிஸ்டம் டிபார்ட்மென்ட்டுக்கே தலைவரு. சுவரளவுக்கு ஒரு டிவி வச்சு, தமிழ்நாட்டு மேப்புல எங்க கிளையெல்லாம் புள்ளி புள்ளியாக் காமிச்சாரு. நல்லா ஓடினா பச்சை, தடுமாறினா மஞ்சள், படுத்தா சிவப்பு. பெட்டிக்கு இவ்வளவுன்னு பெங்களூர்க்காரன் வாடகை கேட்டானாம், பெரிய முதலாளி கிளைக்கு ஒரு பெட்டி பேசினா போதும்னுட்டாரு. மெயின் பெட்டி மட்டும். அப்புறம் ஸ்ரீவத்சன் சார் தண்ணியைக் குடிச்சுட்டு மெதுவா ஒண்ணு சொன்னாரு. தீபாவளி சீசன் முடியிறப்ப எந்தக் கிளை கடைசியில நிக்குதோ, அந்தக் கிளை ஆளை வேற ஊருக்கு மாத்திருவாகளாம். சுத்தி இருந்தவுகளைப் பாத்தேன். ஓசூர்ல இருக்க பையன் மட்டும் சந்தோஷமாச் சிரிச்சுக்கிட்டு இருந்தான். அவன் சொந்த ஊரு நாகர்கோவில்.

எங்க கடையில மெயின் பெட்டி எங்க இருக்கு தெரியுமா? மூணாவது மாடியில, இஸ்திரி மேசைக்குப் பக்கத்துல. நான் வைக்கல சார், எனக்கு முன்னாடி இருந்த புண்ணியவான் வச்சது. பிரிச்சுக் காட்டின பட்டுச்சேலை கசங்கிரும்ல, அதைத் தேய்ச்சு மடிக்கிறதுக்கு ஆண்டிச்சாமின்னு ஒரு அண்ணன் இருக்காரு. அங்க இருக்கது ஒரே பிளக்கு. அண்ணனுக்குச் சேலை சேந்துருச்சுன்னா பெட்டியோட ஒயரைப் பிடுங்கிட்டு இஸ்திரிப் பெட்டியைச் சொருகிருவாரு. தேய்ச்சு முடிச்சதும் திருப்பிச் சொருகுவாரு. மறந்தா அதுவும் இல்ல. அந்த நேரத்துல கடை பூரா பில் நின்னுரும். கீழ சர்வர் டவுன் சர்வர் டவுன்னு கத்துவாக. சாயங்காலம் டீ வர்ற நேரம் பாத்து நடக்குறதால யாரும் பெருசா எடுத்துக்கிறதில்ல. வருஷக்கணக்கா இப்படித்தான் ஓடுச்சு, ஒரு குறையும் வரல.

மாமியாரு வந்தாக, குறையும் வந்துச்சு. பிளக்கைப் பிடுங்கின மறு நிமிஷம் எனக்குப் போன் வரும். மனுஷங்க இல்ல, பதிவு பண்ணின பொம்பளைக் குரலு. வணக்கம், காரைக்குடி கிளையின் பிரதான ஸ்விட்ச் செயலிழந்துள்ளது அப்படின்னு செய்தி வாசிக்கிற மாதிரி சொல்லும். நாங்க அதுக்குப் பெங்களூர் அக்கான்னு பேரு வச்சோம். சாப்பிடுறப்ப அக்கா பேசும். மகளைப் பள்ளிக்கூடத்துல விடுறப்ப அக்கா பேசும். சூடு கூடிருச்சு, கரண்டு போயிருச்சு, மறுபடி வந்துருச்சு, மறுபடி போயிருச்சு. யாருங்க அது இத்தனை தடவை கூப்பிடுற பொம்பளைன்னு மங்கை ஒருநாள் போனைப் பிடுங்கி வச்சுக் கேட்டா. கேட்டுட்டு, பாவம்ங்க அந்தப் பெட்டி, அதுக்கு என்னமோ வியாதி இருக்கு, போயிப் பாருங்கன்னா.

பாக்காம இருப்பேனா? மேனேஜர் தேனப்பன் அண்ணன்கிட்டப் போயி ஒரே ஒரு பிளக்கு தனியாப் போட்டுக் குடுங்கன்னு கேட்டேன். அவரு சீலிங்கைக் காமிச்சாரு. புதுசாப் போட்ட சீலிங், உடைச்சா முதலாளி என்னை உடைப்பாரு, தீபாவளி முடியட்டும்னாரு. ஆண்டிச்சாமி அண்ணன்கிட்டச் சொன்னேன். தொடாதீங்கன்னு அட்டையில எழுதிப் பெட்டி மேல ஒட்டினேன். அவரு அந்த அட்டை மேலயே ஈரத்துணியைக் காயப் போட்டாரு. பெட்டி சூடா இருக்குல்ல தம்பி, சீக்கிரம் காஞ்சுருதுன்னாரு. அந்த மனுஷன்கிட்டக் கோவிக்கவும் முடியாது, அவ்வளவு நல்ல ஆளு.

ஆடித் தள்ளுபடி முடிஞ்சதும் தரவரிசை வந்துச்சு. கடைசி இடம் ஓசூர். அதுக்கு மேல காரைக்குடி. தீபாவளிக்கு ஓசூர்க்காரன் ஒரு பிளக்கைச் சரி பண்ணிட்டான்னா முடிஞ்சுச்சு, நான் கடைசி. வீட்டுல மங்கைகிட்டச் சொல்லல. மக மடியில படுத்துக்கிட்டு ஸ்கூல் கதை சொல்லிக்கிட்டு இருக்கா, எனக்கு ஒண்ணும் காதுல ஏறல. பீரோவுக்குப் பின்னால ஒளிஞ்ச பிள்ளை சார் அது. மறுபடி ஒளியணுமா?

யோசிச்சேன். கடைக்குள்ள இருக்கதுலயே நல்ல இடம் எதுன்னு யோசிச்சேன். முதல் மாடியில மணப்பெண் அறைன்னு ஒண்ணு இருக்கு. முகூர்த்தச் சேலை எடுக்க வர்ற பெரிய குடும்பத்துக்குன்னு தனி ரூம். தரையில மெத்தை, எந்நேரமும் ஏசி, தூசு தும்பு கிடையாது. மூலையில பட்டுச்சேலை கட்டின பொம்மை ஒண்ணு நிக்கும். கரண்டு போனாலும் அந்த ரூமுக்கு மட்டும் போகாது, பேட்டரி தனி. ஸ்டோர்ல சும்மா கிடந்த ஒரு பெட்டியை எடுத்துத் தொடைச்சு, அந்தப் பொம்மைக்குப் பின்னால வச்சேன். பெட்டிக்குப் பேரு வைக்கிறது நம்ம கையிலதானே சார் இருக்கு? காரைக்குடி மெயின்னு பேரு வச்சேன். மூணாவது மாடியில இருக்க பழைய பெட்டியைப் பேசாம இருன்னு சொல்லிட்டேன். இதுக்கு இன்டர்நெட் லைனைத் தனியா இழுத்து, இதைப் பேசுன்னு சொல்லிட்டேன். ஒண்ணுமே போகாத பெட்டின்னா சந்தேகம் வரும்ல, அதுக்காக அந்த ரூம்ல சேலை விளம்பரம் ஓடுற டிவியை இது வழியா ஓட விட்டேன். அளவா, சீரா, நாள் பூரா ஓடிக்கிட்டு இருக்கும்.

நீங்க ஏன் அப்படிப் பாக்குறீங்க? இதுல என்ன சார் தப்பு? பெட்டியைக் குளிர்ச்சியான, சுத்தமான, கரண்டு போகாத இடத்துல வைக்கணும்னு ஸ்ரீவத்சன் சாரே மீட்டிங்ல படம் போட்டுக் காமிச்சாரு. நான் வச்சேன். அது சொல்றதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது. சூடு எவ்வளவுன்னா எவ்வளவுன்னு உள்ளதைத்தான் சொல்லுது.

வீட்டுல போயி மங்கைகிட்டச் சொன்னேன். முதல்ல விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம், எங்க வார்டுல காய்ச்சல்காரன் படுத்திருக்கப்ப வாட்ச்மேனுக்குக் காய்ச்சல் பாத்து அதை நோயாளி அட்டையில எழுதி வைக்கிற மாதிரில்ல இருக்கு அப்படின்னா. நல்ல உதாரணம்னு நானும் சிரிச்சேன். எனக்குத் தெரிஞ்சு அவ என்னைப் பாராட்டினது அன்னைக்குத்தான்.

அன்னைக்கோட பெங்களூர் அக்கா வாயை மூடிருச்சு. பச்சை. வச்ச கண்ணு வாங்காம பச்சை. நடுவுல ஒரே ஒரு சங்கடம் வந்துச்சு. தேவகோட்டையிலேருந்து சேலை எடுக்க வந்த ஒரு பொண்ணோட பெரியம்மா, பொம்மைக்குப் பின்னால லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரியிறதைப் பாத்துட்டு, பொம்பளைக சேலை வச்சுப் பாக்குற ரூம்ல கேமரா வைக்கிறீகளான்னு சண்டைக்கு வந்துட்டாக. ஏசிக்கு உண்டான சாமான்மான்னு சொல்லி, தேனப்பன் அண்ணனும் நானும் கும்பிட்டு அனுப்பி வச்சோம். அவுக போனப்புறம், இது என்னப்பா இங்கன்னு அண்ணன் கேட்டாரு. தலைமை ஆபீஸ் சாமான்னு சொன்னேன். உடனே போயிச் சந்தனம் குங்குமம் கொண்டாந்து அதுக்குப் பொட்டு வச்சுட்டாரு.

தீபாவளி வந்துச்சு. கூட்டம்னா கூட்டம், படியில கால் வைக்க இடமில்ல. பிரிக்கிற சேலையும் ஜாஸ்தி, தேய்க்கிற சேலையும் ஜாஸ்தி. ஆண்டிச்சாமி அண்ணன் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுறாரு. மேல அவரு பிடுங்கினா கீழ ஜெசிந்தா அக்கா பில் நிக்கும். ஜெசிந்தா அக்காவைச் சொல்லலையே. கேஷ் கவுண்டர்ல இருக்காக. மங்கையோட பள்ளிக்கூடத்துச் சிநேகிதி, எங்க பக்கத்துத் தெரு. வேலையில புலி. பாதி பில்லுல கம்ப்யூட்டர் செத்துரும், அவுக கையால எழுதிக் குடுப்பாக, அதுக்குள்ள உயிர் வந்துரும், மறுபடி அடிப்பாக, மறுபடி சாகும். ஜனங்க அவுகளைத் திட்டின திட்டு இருக்கே. நான் என்ன சும்மாவா இருந்தேன்? மூணாவது மாடிக்கும் கவுண்டருக்குமா ஓடி ஓடி முழங்காலு கழண்டு போச்சு.

தேனப்பன் அண்ணன் பொறுக்க முடியாம கோயமுத்தூருக்குப் போன் போட்டுக் கத்திட்டாரு, காரைக்குடியில லைன் நிக்குது, வியாபாரம் போகுதுன்னு. ஸ்ரீவத்சன் சாரு டிவியைப் பாத்துருக்காரு. மேப்பு பூரா சிவப்பு. தீபாவளிக் கூட்டத்துல எல்லா ஊருப் பெட்டியும் திணறுது. காரைக்குடி மட்டும் பச்சை, நூல் பிடிச்ச மாதிரி கோடு. உங்க லைன் அருமையா இருக்கு, பில் போடுற ஆளுதான் சரியில்லன்னு சொல்லிட்டாரு. படிச்சவரு, படத்தைப் பாத்துட்டுச் சொல்றாரு, அண்ணன் என்ன பேச முடியும்? ஜெசிந்தா அக்காவுக்கு மெத்தனம்னு மெமோ வந்துச்சு. பத்து வருஷத்துக்கு மேல பில் போடுறவுகளைப் பில் போடுற ட்ரெயினிங்குக்கு அனுப்பினாக. திரும்பி வந்ததும் கவுண்டர்லேருந்து எடுத்து பார்சல் கட்டுற இடத்துல போட்டுட்டாக. நாள் பூரா நின்னுக்கிட்டே கட்டணும். எனக்கு மனசு கேக்கல சார். நேராப் போயி ஆறுதல் சொன்னேன். அக்கா, கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிரும்னேன். அவுக என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னாக, அப்புறம் கயித்தை வெட்டுறதுக்குக் குனிஞ்சுக்கிட்டாக. ரொம்ப வருத்தம் போல.

அன்னையிலேருந்து மங்கை ஒரு மாதிரி ஆயிட்டா. ஜெசிந்தாவுக்கு நான் என்ன பதில் சொல்றது, தெருவுல அவ எதிர்ல வந்தா எந்தப் பக்கம் பாக்குறதுன்னு கேட்டா. நீ ஏன் பதில் சொல்லணும், மெமோ குடுத்தவுகளைப் போயிக் கேக்கச் சொல்லுன்னேன். நியாயமான பதில்தானே?

தை பொறந்ததும் கோயமுத்தூர்ல விழா, காரைக்குடிக்குத்தான் முதல் இடம். பெங்களூர்க் கம்பெனிக்காரவுகளும் வந்திருந்தாக. எங்ககிட்ட இருக்க அத்தனை கம்பெனியிலயும் இப்படி ஒரு கோடு பாத்ததில்ல, எப்படிப் பண்றீங்கன்னு ஒரு மேடம் கேட்டாக. ஒழுக்கம் மேடம்னு சொன்னேன். எழுதிக்கிட்டாக. மேடையில கூப்பிட்டுப் பேசச் சொன்னாக. எனக்கு அப்படி ஒரு தைரியம் எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல, பெட்டியை நம்ம வீட்டுக்கு வந்த கல்யாணப் பொண்ணு மாதிரி பாத்துக்கணும்னு சொன்னேன். கைதட்டு அடங்கவே இல்ல. பெரிய முதலாளி எந்திரிச்சு வந்து தன் கையாலயே பொன்னாடை போத்தினாரு. அவரு யாருக்கும் கையே குடுக்க மாட்டாரு சார். போட்டோ எடுத்தாக, ஆபீஸ் வாசல்ல மாட்டப் போறோம்னாக. காரைக்குடியிலேருந்து இனி யாரு என்னை அசைக்க முடியும்னு நெஞ்சு நிமிந்து நிக்கிறேன்.

ஸ்ரீவத்சன் சார் ஒரு தாளை எடுத்து முதலாளி கையில குடுத்தாரு. பெங்களூர்க்காரவுக அலசிச் சொன்னதாம். இந்தக் கிளையில இத்தனை மாசமா யாரும் பெட்டியைத் தொடவே வேண்டி வரல, இங்க ஆளு தேவையில்லன்னு இருக்காம். முதலாளி மைக்கைப் பிடிச்சாரு.

"காரைக்குடி இனிமே தானா ஓடும், அங்க ஆளே வேண்டாம். பூமிநாதனை ஓசூருக்கு அனுப்புறேன். ஓசூரையும் காரைக்குடி மாதிரி ஆக்கிக் காட்டட்டும்."

மறுபடி கைதட்டு. நானும் தட்டினேன் சார். பொன்னாடை தோள்ல கிடக்கு, எல்லாரும் தட்டுறாக, நான் மட்டும் தட்டாம நிக்க முடியுமா? ஓசூர்ப் பையன் ஓடி வந்து கட்டிப்பிடிச்சுக்கிட்டான். அவன் கடைசியில நின்னான்ல, அவனைச் சட்டப்படி மாத்திட்டாக. எங்க தெரியுமா? நாகர்கோவிலுக்கு. நொடிக்கு நொடி உண்மையைச் சொன்னவன் வீட்டுக்குப் போறான். சீசன் பூரா பச்சையா வச்சிருந்தவன் ஓசூருக்குப் போறேன். இது எந்த ஊரு நியாயம், சொல்லுங்க.

வீட்டுக்குப் போயி மைசூர்பாக்கு டப்பாவை வச்சுட்டு விஷயத்தைச் சொன்னேன். மங்கை கத்தல, அழுகல. டியூட்டி சேலையோட அப்படியே உக்காந்துட்டா. இப்பவே போன் போடுங்கன்னா. யாருக்குன்னேன். முதலாளிக்கு. அது டிவிக்கு வச்ச பெட்டி, உண்மையான பெட்டி மாடியில இருக்கு, அதுக்கு ஒரு பிளக்கு வேணும், காரைக்குடிக்கு ஆளு வேணும்னு சொல்லுங்கன்னா.

"திட்டுவாக. திட்டிட்டு இங்கயே போடுவாக. ஜெசிந்தாவும் கவுண்டர்ல உக்காந்துருவா. எனக்கு அது போதும்ங்க."

எப்படிச் சார் சொல்றது? நீங்களே சொல்லுங்க. முதலாளி தன் கையால போத்தினது. வாசல்ல என் போட்டோ. பெங்களூர் வரைக்கும் என் பேரு போயிருக்கு. அதை நானே போன் போட்டு அழிச்சுக்கிறதா? வேலையை விட்டே தூக்கிட்டா? தூக்க மாட்டாக, முதலாளிக்கு என் மேல பிரியம், ஆனா முகத்துல எப்படி முழிக்கிறது? மனுஷனுக்கு மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல? போனை எடுத்தேன், பாத்தேன், திருப்பி வச்சுட்டேன். கொஞ்ச நாளைக்குத்தான் மங்கை, ஓசூரை ஒரு சீசன் சரி பண்ணிட்டு வந்துருவேன்னேன். எப்படிச் சரி பண்ணுவீங்கன்னு கேட்டா. அங்கயும் ஒரு மணப்பெண் அறை இருக்கும்லன்னேன். சிரிப்பாள்னு நினைச்சேன். சிரிக்கல.

அப்புறம் அவ அதைப் பத்திப் பேசவே இல்ல. பையெல்லாம் அவதான் அடுக்கிக் குடுத்தா. இன்னைக்குக் காலையில கிளம்பினேன். மக ஸ்கூலுக்குப் போயிருச்சு, மங்கை ஆட்டோவுல ஏத்திவிட்டுட்டா, நான் விடுறேன்னு சொன்னதுக்கு வேண்டாம், பழகிக்கட்டும்னா. சரின்னு பையைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னேன். போயிட்டு வரேன்னேன். போங்கன்னா. அவ்வளவுதான். போயிட்டு வாங்கன்னுதானே சார் சொல்லுவாக? எத்தனை வருஷம் ஓசூருக்கு அனுப்பியிருக்கா, ஒருநாள்கூட வாங்கன்னு சொல்லாம அனுப்பினதில்ல. டியூட்டிக்கு நேரமாச்சு, அந்த அவசரம். திரும்பிப் பாத்தேன், கதவைச் சாத்திட்டா.

திருச்சியிலேருந்து போன் போட்டுப் பாக்குறேன். இந்தா பாருங்க, இப்பவும் போடுறேன். கேக்குதா? ரிங் போகுது, எடுக்கல. இது ஏழெட்டுத் தடவை இருக்கும். இல்ல சார், நீங்க நினைக்கிற மாதிரியெல்லாம் ஒண்ணுமில்ல. ரிங் போகுதுன்னா அந்தப் பக்கம் எல்லாம் நல்லா இருக்குன்னுதான் அர்த்தம். இத்தனை வருஷமா இதுதானே என் தொழில், எனக்குத் தெரியாதா?